ஒழுங்காக உதைக்கிற பிள்ளை

எந்த வீட்டுக்குள் போனாலும் கிரேஸ் முதலில் குனிந்து தரையைத் தொடுவார். செருப்பை வாசலில் விட்டு, முழங்காலை மடக்கி, உள்ளங்கை முழுவதும் படும்படி ஒரு கணம் பதித்து வைப்பார். கண் பாதி மூடியிருக்கும். பிறகு எழுந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா நம்ம பொண்ணு?" என்று கேட்பார்.

கோயிலும் கோபுரமுமாக இருக்கிற ஊரில் ஒருத்தி குனிந்து தரையைத் தொட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பிள்ளையார்பாளையத்து மாமியார்களுக்கு இந்தப் பழக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. "வேதக்காரங்களா இருந்தாலும் பாரு, வாசப்படி மரியாத தெரிஞ்சிருக்குது. நம்ம வூட்டுப் பொண்ணுங்க செருப்போட அடுப்பங்கர வரைக்கும் வருதுங்க" என்று அங்கம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். தொட்ட கையைத் துடைத்துக்கொள்வதை மட்டும் யாரும் கவனித்ததில்லை. கும்பிட்ட கையை யாராவது துடைப்பார்களா?

கிரேஸ் கும்பிடவில்லை. வீடு நடுங்குகிறதா என்று பார்க்கிறார்.

அவருடைய வேலைக்கு ஊரில் பெயர் இல்லை. சம்பளம் கொடுக்கும் அறக்கட்டளை அடித்துத் தந்த அட்டையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி இருக்கிறது. அதை முழுதாகப் படித்தவர்கள் குறைவு. பிள்ளைக்குக் காத்திருக்கும் தாய் தகப்பன்களுக்கு வகுப்பு எடுப்பார். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்சுகளுக்கும் வகுப்பு எடுப்பார். "பெத்துக்கறவங்களுக்கும் பாடம், பெத்துக்க வைக்கறவங்களுக்கும் பாடம்" என்பது அவரே சொல்லும் சுருக்கம். ஊர் அதையும் சுருக்கி 'பொம்மைக்கார சிஸ்டர்' ஆக்கிவிட்டது.

பொம்மை துணியில் தைத்தது. வயிற்றில் ஆற்று மணல். எடை இரண்டே முக்கால் கிலோ. கழுத்து நிற்காது, பிடிக்கத் தெரியாதவர் கையில் தலை பின்னால் சாய்ந்து தொங்கும். ஆரம்பத்தில் கறுப்புப் பொத்தானில் இரண்டு கண்கள் இருந்தன. கிரேஸ் பிய்த்துப் போட்டுவிட்டார். "கண்ணு இருந்தா எல்லாம் அதையே பாத்துக்கினு இருக்குதுங்க. நான் பேசறது எவ காதுலயும் ஏறல." இப்போது அந்த இடத்தில் நான்கைந்து நூல் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்கூட்டரில் போகும்போது பொம்மையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொள்வார். கைக்குழந்தையை இப்படியா கொண்டுபோவது என்று மூங்கில் மண்டபம் அருகே ஒரு போலீஸ்காரர் வண்டியை மறித்துத் துணியை விலக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். "போங்கம்மா" என்றார். அன்றிலிருந்து கிரேஸின் வண்டி வந்தால் அவர் வேறு பக்கம் திரும்பி நின்று விசில் ஊதுகிறார்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் பொம்மையைத் தகப்பன்மார் கையில் கொடுப்பார். வாங்கியதும் அவர்கள் செய்யும் முதல் காரியம், இரண்டு கையிலும் ஏந்தி மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பது. புடவையை அப்படி வாங்கியே கிராம் சொல்லிப் பழகிய நெசவுக்காரர் கைகள். "ரெண்டே முக்கால் இருக்கும் சிஸ்டர். ஜரிகை கம்மி" என்றான் சந்தோஷ்குமார். அங்கம்மாளின் மகன், தறிக்காரன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி பிரியதர்ஷினி, எட்டு மாத வயிறு குலுங்கச் சிரித்தாள். வகுப்பே சிரித்தது.

"எட கெடக்கட்டும். தலைய தொங்க வுட்டுட்ட பாரு, அத்த சொல்லு மொதல்ல" என்றார் கிரேஸ்.

வயது நாற்பத்து மூன்று. தென்னேரிப் பக்கம் பிறந்தவர். அப்பா காசிநாதன் ஊரார் நிலத்தில் நாற்றுக் கட்டு சுமந்தவர். மகளை நர்சுக்குப் படிக்க வைத்தார். கிரேஸ் பன்னிரண்டு வருடம் பிரசவ அறையில் நின்றுவிட்டு, அதை விட்டு, இந்தப் பெயரில்லாத வேலைக்கு வந்தார். ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் அவர் பாடத்தில் வளர்ந்து பிறந்திருக்கும். ஒன்றைக்கூடப் பிறந்த பிறகு போய்ப் பார்த்ததில்லை. பெயர் வைக்கும் விழாவுக்கு, காது குத்தலுக்கு, முதல் பிறந்தநாளுக்கு என்று அழைப்பிதழ்கள் வந்து வீட்டு ஜன்னலில் சேர்ந்துகொண்டே இருக்கும். "என் வேல உள்ள இருக்கற வரைக்கும்தான். வெளில வந்தா அது யாரோ, நான் யாரோ" என்பார். வெயிலை மறைக்க அந்த அட்டைகள் உதவுகின்றன.

நர்சுகள் நடுவில் அவருக்குக் கொஞ்சம் கெட்ட பெயர். பிரசவ அறையில் பேசக்கூடாத வார்த்தை ஒன்று உண்டு என்று முதல் நாளே தொடங்குவார். புதிதாக வந்த பெண்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். "பயப்படாதே. அந்த வார்த்தைய எவளும் சொல்லக்கூடாது."

"பின்ன இன்னா சிஸ்டர் சொல்றது? நல்லா பயப்படுன்னா?" என்று கேட்டாள் மோனிஷா. திருப்பருத்திக்குன்றத்துச் சமண வீட்டுப் பெண், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்.

"எதுக்குப் பயப்படறேன்னு கேளு. பயப்படாதேன்னா வாய மூடிக்குவா. அவ வாய மூடிக்கினா, உள்ள இன்னா நடக்குதுன்னு உனக்கு யாரு சொல்லுவா?"

வகுப்பு முடியும்போது பையிலிருந்து ஒரு தாளை எடுப்பார். லேமினேட் செய்த தாள், ஏழு வருடப் பழசு. எட்டாம் மாதத்திலிருந்து தாய் தினமும் ஒரு நேரம் ஒதுக்கி, பிள்ளை அசைவதை எண்ணி, பத்து அசைவு ஆக எவ்வளவு நேரம் பிடித்தது என்று எழுதவேண்டிய சீட்டு. தாள் கை மாறிப் போகும். "இதுல இன்னா தப்பு?" என்று கேட்பார். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் முக்கால் மணி, ஒரு நாள் பத்து நிமிடம், ஒரு நாள் ஒன்றே கால் மணி என்று தாறுமாறாகப் போகும். கடைசி ஐந்து நாள் மட்டும் வரிசையாக இருபது நிமிடம், இருபது நிமிடம்.

"தப்பே இல்லியே சிஸ்டர். கடைசில ரொம்ப ஒழுங்கா இருக்குது" என்றாள் மோனிஷா. ஒவ்வொரு வகுப்பிலும் ஒருத்தி இதைச் சொல்வாள்.

"கடைசி வரி எழுதன மறுநாள் பிரசவம். கொழந்த செத்து அஞ்சு நாள் ஆயிடுச்சின்னு டாக்டர் சொன்னாரு." தாளை வாங்கி உறைக்குள் போட்டபடியே கேட்பார்: "அந்த அஞ்சு நாளும் ஒதச்சது யாரு?"

பிறகு பையை மூடிவிட்டு அடுத்த வகுப்பின் தேதியைச் சொல்வார்.

பதில் கிரேஸுக்குத் தெரியும். அந்தச் சீட்டு நீலாம்பாளுடையது. "ஒரே எடத்துல அசையாம உக்காந்துக்கினு எண்ணுமா" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் கிரேஸ்தான். விடிந்ததிலிருந்து படுக்கும் வரை நீலாம்பாள் ஒரே இடத்தில் உட்காரும் இடம் ஒன்றே ஒன்று, புருஷன் நெய்யும் தறியின் ஓரத்துக் கட்டை. அவன் புடவையின் உடலை நெய்வான். அவள் பக்கத்தில் இருந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக்கொடுப்பாள். அங்கே உட்கார்ந்துதான் எண்ணினாள். அந்த வாரம் புடவையில் ஜரிகைப் பூ வைக்கும் புட்டா வேலை. ஒவ்வொரு வரிக்கும் ஜரிகையைக் கையால் கோக்கவேண்டும். கோத்து முடித்ததும், நூலை நெருக்கப் பலகையால் இரண்டு அடி. இரண்டு நிமிடத்துக்கு ஒரு வரி, வரிக்கு இரண்டு அடி. தறி அதிர்ந்தது, கட்டை அதிர்ந்தது, வயிறு அதிர்ந்தது. இரட்டை அடியை ஓர் உதையாக எண்ணினாள்; பத்துக்கு இருபது நிமிடம். "ரெண்டு ரெண்டா ஒதைக்குதுக்கா, படு துடுக்கு" என்று நீலாம்பாள் சொன்னபோது கிரேஸ் தலையை ஆட்டிச் சிரித்தார். சொன்ன பாடத்தைக் கொஞ்சமும் பிசகாமல் செய்த மாணவி அவள்.

இன்றும் மாதம் ஒரு தடவை நீலாம்பாளைப் பார்க்கப் போகிறார். அவளுக்கு அப்புறம் பிள்ளை உண்டாகவில்லை. அழுவதும் இல்லை. காபி போட்டுக் கொடுப்பாள், தெருக்கதை சொல்வாள், தறியில் உட்கார்ந்தபடியே வயிற்றைத் தடவி, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லும் குரலில், "இன்னிக்கும் ஒதைச்சுதுக்கா" என்பாள். கிரேஸ் மறுத்ததில்லை. ஒரே ஒரு முறை, வாய் தவறி, "எத்தன?" என்று கேட்டுவிட்டார்.

"பத்து" என்றாள் நீலாம்பாள்.

தரையைத் தொடும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது. எண்ணுகிற நேரத்தில் வீட்டுத் தறி நிற்கவேண்டும் என்ற சட்டமும் அதற்குப் பிறகு வந்தது. "ஒழுங்கா ஒதைக்கற புள்ளைய எனக்குப் புடிக்காது" என்று வகுப்பில் சொல்வார். "புள்ளன்னா தூங்கணும், சோம்பேறித்தனம் பண்ணணும், கூப்புட்டா வரக்கூடாது. கடிகாரம் மாதிரி ஒதச்சா எனக்கு ஃபோன் போடு."

சீட்டு இப்போது வாட்ஸப்பாகிவிட்டது. 'பத்து' என்று ஒரு குழு. தாய்மார் தினமும் எண்ணி முடித்ததும் அதில் போடவேண்டும். சிலர் எண்ணோடு முருகன் படமும் சேர்த்துப் போடுவார்கள். போன புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டில் உட்கார்ந்த கிரேஸ் இடது கையால் செல்போனைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரியதர்ஷினி, திங்கள்: பத்து, இருபது நிமிஷம், ஒரு சிவப்பு இதயம். செவ்வாய்: பத்து, இருபது நிமிஷம், இதயம். புதன்: பத்து, இருபது நிமிஷம், இதயம்.

கையில் எடுத்த சோறு தட்டிலேயே விழுந்தது. கழுவாத கையோடு ஃபோன் போட்டார்.

"ஒதை எப்படிம்மா இருக்குது?"

"சூப்பர்க்கா. போன வாரம்தான் டல்லா இருந்தான். இப்ப செம ஆக்டிவ். ரெண்டு ரெண்டா ஒதைக்கறான்."

கிரேஸ் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. வாசலில் குனிந்து தரையில் கை வைத்தார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் வைத்திருந்தார். தரை செத்துக் கிடந்தது. கூடத்துத் தறி நின்றிருந்தது. காலைத் தறிக்குழியில் தொங்கவிட்டுச் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த சந்தோஷ்குமார் நிமிர்ந்தான்.

"மூணு மணின்னா எங்க வூட்ல தறி ஸ்டாப் சிஸ்டர். எங்கம்மா ஆர்டர்."

"இன்னா சிஸ்டர்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்றார் அங்கம்மாள். கிரேஸ் பதில் சொல்லாமல் உள்ளறைக்குப் போனார்.

பிரியதர்ஷினி பாயில் காலை நீட்டி, சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் செல்போன், ஒரு கை வயிற்றில். "வாங்கக்கா. இப்பதான் ஏழு."

கிரேஸ் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்தார். ஒன்றுமில்லை. தெருத் தறிகளின் சத்தம் எங்கிருந்தோ கலந்து வந்தது. பிறகு அவர் கைக்குக் கீழே, தொப், தொப்.

"எட்டு" என்று சிரித்தாள் பிரியதர்ஷினி.

கிரேஸ் மறு கையைத் தரையில் வைத்தார். இரண்டு நிமிடம். தொப், தொப். தரை அசையவில்லை.

"ஒம்போது. பாத்தீங்களா, எப்படி ஒதைக்கறான்னு."

தரையிலிருந்த கையை எடுத்து, அவள் முதுகுக்குப் பக்கத்தில், சுவரில் வைத்தார். காத்திருந்தார். சுவர்தான் முதலில் உதைத்தது. வயிறு அதற்குப் பின்னால் உதைத்தது.

அது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர். அந்தப் பக்கம் பஞ்சாட்சரத்தின் வீடு. தறியின் கால் ஒன்று அந்தச் சுவரிலேயே பதிந்திருந்தது. கிரேஸ் உள்ளே போனபோது அவர் ஜரிகையைக் கோத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"அண்ணே, தறிய நிறுத்துங்க."

"ஐப்பசி முகூர்த்தப் பொடவைம்மா. அவங்க வூட்டு மருமக மாசமா இருந்தா அவங்க நிறுத்தட்டும். நான் இன்னாத்துக்கு நிறுத்தணும், எனக்கா வயித்துல இருக்குது?"

"புட்டா எப்ப ஆரம்பிச்சீங்க?"

"திங்கக்கெழம."

"திங்கக்கெழமையில இருந்து அந்தப் புள்ளைக்குப் பதிலா நீங்கதான் ஒதச்சுக்கினு இருக்கீங்க."

பஞ்சாட்சரத்துக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு பலகையிலிருந்து கையை, சுட்டுவிட்டது போல எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

கிரேஸ் திரும்பி வந்து பிரியதர்ஷினியைச் சுவரிலிருந்து நகர்த்தி, இடது பக்கமாகப் படுக்க வைத்தார். "இன்னும் ஒண்ணுதான்கா" என்றாள் அவள். அந்த ஒன்று வரவில்லை. அவள் செல்போனைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்ல முகத்தைவிட்டு இறங்கிப் போனது.

"தூங்கறானாக்கா?"

"தெரியலம்மா. போய்ப் பாத்துடலாம் வா."

"பயமா இருக்குதுக்கா."

"எனக்கும்" என்றார் கிரேஸ். சந்தோஷ்குமார் அதற்குள் ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு மோனிஷாவின் முறை. பசையைத் தடவி, நாடித் துடிப்பு கேட்கும் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினாள். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். பிறகு தட்டுத்தட்டென்று ஒலி அறையை நிரப்பியது. மோனிஷாவின் முகம் மலர்ந்தது. "இதோ சிஸ்டர், நல்லா கேக்குது." கதவோரம் நின்ற அங்கம்மாள் தலைக்கு மேல் கை குவித்தார். பிரியதர்ஷினி கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது.

கிரேஸ் பிரியதர்ஷினியின் மணிக்கட்டைப் பிடித்தார். மறு கையின் விரலால் அந்த நாடிக்கு ஏற்பக் கட்டில் கம்பியில் தட்டத் தொடங்கினார். விரலும் கருவியும் ஒன்றாகவே தட்டின. ஒரு தட்டுகூட முன்னே பின்னே போகவில்லை.

"அது அவ நாடி மோனிஷா. பயந்தவ நாடி அப்படித்தான் புள்ள நாடி மாதிரி ஓடும். அவளையே அவளுக்குப் போட்டுக் காட்டறே."

மோனிஷா கருவியை வயிற்றிலிருந்து தூக்கப் போனாள். "சிஸ்டர், எனக்கு பயமா..."

"இருக்கட்டும். கைய எடுக்காத. கீழ போ. இன்னும் கீழ. எடது பக்கம்."

கருவி நகர்ந்தது. காற்று. மறுபடியும் காற்று. கிரேஸின் விரல் கம்பியில் அசையாமல் நின்றது. அப்போது எங்கோ அடியில், மெலிசாக, அவள் நாடியோடு சேராத வேறொரு வேகத்தில் ஓர் ஒலி வந்தது. நின்றது. வந்தது. அறுந்து அறுந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவன்தான். டாக்டரக் கூப்புடு. ஓடு" என்றார் கிரேஸ்.

நான்கு மணி பத்து நிமிடத்துக்கு வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். ஆண். ஒரு கிலோ எண்ணூறு. உள்ளே தண்ணீர் வற்றிப்போயிருந்தது. முதலில் அழவில்லை; முதுகைத் தேய்த்த பிறகு, வேண்டாவெறுப்பாக அழுதான். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா..." என்று தொடங்கிய டாக்டர் கிரேஸின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் பிரியதர்ஷினிக்கு மாற்றுத்துணி எடுத்துவர கிரேஸ் அந்தத் தெருவுக்குப் போனார். மணி மூன்று. தெருவுக்குள் நுழைந்ததும் ஸ்கூட்டரைத் தானாகவே அணைத்துவிட்டார். சத்தமே இல்லை. பஞ்சாட்சரம் சொல்லியிருக்கிறார், அவர் சொன்னது வீட்டுக்கு வீடு போயிருக்கிறது. கர்ப்பிணி இருக்கும் வீடு, இல்லாத வீடு என்ற பேதமில்லாமல் தெருவின் அத்தனை தறியும் நின்றிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் எட்டிப் பார்த்தால், காலைக் குழியில் விட்டபடி, கையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் எதையோ கேட்பவர்கள் போல இருந்தார்கள். கிரேஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். நெஞ்சில் கட்டிய பொம்மையின் தலையைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் துணிப்பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் போனவரை அங்கம்மாள் விடவில்லை. "நீங்க புள்ளைங்களப் பாக்க மாட்டீங்கன்னு தெரியும் சிஸ்டர்மா. இவன் உங்களுக்குப் புதுசா? உள்ள இருக்கும்போதே பாத்தவங்கதானே" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தான். கிரேஸ் பழக்கதோஷத்தில் கண்ணாடியின் மேல் கை வைத்தார். பெட்டி உள்ளுக்குள் ஓடும் மோட்டாரில் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. உடனே கையை எடுத்துவிட்டார். கண்ணால் மட்டும் பார்த்தார். வலது கால் ஒரு உதை உதைத்தது. பிறகு வெகு நேரம் எதுவுமில்லை. பிறகு இரண்டு காலும் சேர்ந்து மூன்று நான்கு. பிறகு கொட்டாவி. பிறகு ஒன்றுமில்லை.

"ஒழுங்கே இல்ல" என்றார் கிரேஸ்.

"அவங்கப்பன் மாதிரி" என்றார் அங்கம்மாள்.

கிரேஸ் முழங்காலை மடக்கிக் குனிந்து, ஆஸ்பத்திரித் தரையில் உள்ளங்கை முழுவதையும் பதித்தார். அதைப் பார்த்த அங்கம்மாளும் முனகிக்கொண்டே பக்கத்தில் குனிந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இருவரும் எழுந்தார்கள். கிரேஸின் கை வழக்கம்போல முந்தானையைத் தேடிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. துடைக்காமல், அந்தக் கையை அப்படியே மூடி வைத்துக்கொண்டார்.